செங்குத்து அச்சு காற்றாலை: வினாடிக்கு 6 மீட்டர் காற்றிலும் 20 வாட்தான். பிளேடு வடிவத்தை மாற்றினால் சரியாகுமா?

உடுமலைக்காத்தாடி:

வணக்கம். மூணு பிளேடு எச் வகை டாரியஸ் ரோட்டார், அதாவது இறக்கை வடிவ நேர்ப் பிளேடுகள் நிமிர்ந்து நின்று தண்டைச் சுற்றி ஓடும் வகை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற திறந்த தோட்டம், பக்கத்தில் தென்னை கிடையாது. விவரம் முழுசாகத் தருகிறேன், குறை எங்கே என்று பார்த்துச் சொல்லுங்க.

விட்டம் 2 மீட்டர், பிளேடு நீளம் 2 மீட்டர். பிளேடு அகலம் 10 செ.மீ., நாகா 0012 வடிவம் (குறுக்குவெட்டு வடிவத்தின் எண்), 0.8 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்தது, ஒன்று 1.3 கிலோ. ஒவ்வொரு பிளேடையும் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் ஒரு கை பிடித்திருக்கிறது. மொத்தம் 6 கை, எல்லாம் 25 மி.மீ. வெளிவிட்டம் உள்ள உருண்டை ஜிஐ பைப். ஜெனரேட்டர் 3 ஃபேஸ் நிரந்தரக் காந்த வகை, 500 வாட் என்று எழுதியிருக்கு; ரெக்டிஃபயர் வழியாக நேரே 24 வோல்ட் பேட்டரிக்குப் போகுது. 4 அங்குல பைப் கம்பம், 6 மீட்டர், ஸ்டே கம்பி இல்லை.

அனிமோமீட்டரை (காற்று வேகமானி) ரோட்டார் உயரத்தில் வைத்து எடுத்த 10 நிமிட சராசரி: 4 மீ/வி காற்றில் தானாகக் கிளம்புவதே இல்லை, கையால் தள்ளிவிட்டால் நிமிடத்துக்கு 30 சுற்றில் (ஆர்பிஎம்) தவழும். 6 மீ/வி-யில் 85 ஆர்பிஎம், 20 வாட். 8 மீ/வி-யில் 100 ஆர்பிஎம், 48 வாட்.

என் யோசனையில் இருப்பவை: நாகா 0018 அல்லது 0021-க்கு மாறுவது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வரைந்த டியூ 06-டபிள்யூ-200, பிளேடை முறுக்கி ஹெலிக்கல் ஆக்குவது, மூணுக்குப் பதில் அஞ்சு பிளேடு, நடுவில் ஒரு சவோனியஸ் (பீப்பாயைப் பிளந்து வைத்த மாதிரி ரோட்டார்). இதில் எதற்குச் செலவு பண்ணினால் பலன் தெரியும்?

சுழல்கணக்கு:

முதலில் அந்த ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கைகளைப் பார்ப்போம். பிளேடைத் தாங்கும் ஆறு பைப்பைத்தான் சொல்கிறேன்.

காற்றடர்த்தி 1.15 என்று கொண்டால், 4 சதுர மீட்டர் பரப்பில் 6 மீ/வி காற்று கொண்டுவருவது 497 வாட். உங்களுக்கு வந்தது 20. அதாவது 4 சதவீதம். 8 மீ/வி-யிலும் அதே 4 சதவீதம். இந்த அளவில் ஒழுங்காகச் செய்த ரோட்டார் தண்டில் 25 முதல் 30 சதவீதம் தர வேண்டும்.

இப்போது டிஎஸ்ஆர், அதாவது பிளேடு வேகத்தைக் காற்று வேகத்தால் வகுத்தது. 85 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 8.9 ரேடியன், ஆரம் 1 மீட்டர் என்பதால் பிளேடு வேகமும் 8.9 மீ/வி. டிஎஸ்ஆர் 1.48. உங்கள் சாலிடிட்டி, அதாவது பிளேடு எண்ணிக்கை × அகலம் ÷ ஆரம், 0.3. இந்தச் சாலிடிட்டிக்கு ரோட்டார் நன்றாக வேலை செய்யும் இடம் டிஎஸ்ஆர் 3.5 முதல் 4 வரை. நீங்கள் பாதி வழியில்கூட இல்லை. மலையேறும் வண்டி முதல் வளைவிலேயே முக்கிக்கொண்டு நிற்பது மாதிரி.

ஏன் ஏறவில்லை? டிஎஸ்ஆர் 1.48-இல் பிளேடு சந்திக்கும் தாக்கு கோணம் (பிளேடுக்கும் அதன்மேல் வரும் காற்றுக்கும் இடையே உள்ள கோணம்) ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 42 டிகிரி வரை போகும். ஒன்றை டிஎஸ்ஆரால் வகுத்து, அதன் தலைகீழ் சைன் எடுத்தால் இந்தக் கோணம் வரும். 2.5-இல் அது 24 டிகிரி, 3.75-இல் 15.5 டிகிரி. ரோட்டாருக்குள் நுழையும் காற்று வேகம் குறைவதால் நிஜத்தில் இவை இன்னும் கொஞ்சம் இறங்கும். 10 செ.மீ. அகலப் பிளேடு 9 மீ/வி-யில் ஓடும்போது ரெனால்ட்ஸ் எண் (அகலமும் வேகமும் கூடக் கூட ஏறும் எண்; குறைந்தால் பிளேடு சரியாக வேலை செய்யாது) 56,000தான். அந்த எண்ணில் 12 சதவீதத் தடிமனுள்ள நாகா 0012, 10 டிகிரிக்குள்ளேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது காற்று பிளேடை விட்டுப் பிரிந்து தூக்குவிசை விழுந்துவிடும். ஆக, சுற்றின் பெரும்பகுதியில் பிளேடு வெறும் தகடாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. டாரியஸ் வகையின் பிறவிக் குணமே இதுதான்: டிஎஸ்ஆர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு செத்த பகுதி உண்டு. அதைத் தாண்டினால்தான் உயிர்.

தாண்டவிடாமல் பிடித்து வைப்பவை அந்த உருண்டை பைப்புகள். உருண்டைக் குழாயின் இழுவைக் குணகம் 1.1 அளவு. சுழலும் கை தின்னும் சக்தி, சுழல்வேகத்தின் மும்மடியோடும் நீளத்தின் நான்காம் படியோடும் ஏறும். உங்கள் 25 மி.மீ. பைப்புக்கு, காற்றைக் கணக்கில் சேர்க்காமல் சுழற்சியை மட்டும் வைத்துப் பார்த்தால்: 85 ஆர்பிஎம்-இல் ஆறு கைக்கும் சேர்த்து 17 வாட். டிஎஸ்ஆர் 2.5-க்குப் போனால் 80 வாட். இந்த ரோட்டார் எட்ட வேண்டிய 3.75-க்குப் போனால் 270 வாட். பிளேடுகள் மிக நன்றாக வேலை செய்தாலும் 6 மீ/வி காற்றில் பிடிப்பது 175 வாட்டுக்குள்தான். 175 சம்பாதித்து 270 செலவழிக்க முடியாது. இந்தக் கைகள் இருக்கும்வரை எந்த ஏரோஃபாயிலை (பிளேடு வடிவத்தை) போட்டாலும் அந்த வேகம் வரவே வராது.

முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு சோதனை. 5–6 மீ/வி காற்றில், லோடைக் கழற்றிவிட்டு எத்தனை ஆர்பிஎம் போகிறது என்று பாருங்கள். 250-ஐத் தொட்டால் ரோட்டார் நல்லது, ஜெனரேட்டர்தான் கழுத்தைப் பிடிக்கிறது. 100–120-இல் நின்றுவிட்டால் நோய் ரோட்டாரில்.

மூணுஃபேஸ்:

சுழல்கணக்கு சொன்ன சோதனையைச் செய்யும்போது கையில் ஷார்ட் ஸ்விட்ச் இருக்கட்டும். மூணு ஃபேஸையும் ஒன்றோடொன்று இணைக்கிற கத்தி ஸ்விட்ச், ரெக்டிஃபயருக்கு முன்னால. லோடு இல்லாத டாரியஸ் ஒரு கட்டத்தைத் தாண்டிட்டா அடங்காது. 8 மீ/வி-க்கு மேல காத்து அடிக்கிற நாள்ல இந்தச் சோதனையே வேண்டாம்.

உங்க அளவுகள்ல இன்னொண்ணும் தெரியுது. காத்து 6-லேர்ந்து 8-க்கு, அதாவது மூணுல ஒரு பங்கு ஏறியிருக்கு; ஆர்பிஎம் 85-லேர்ந்து 100-க்கு, 18 சதவீதம்தான். டிஎஸ்ஆர் 1.48-லேர்ந்து 1.31-க்கு இறங்கிருச்சு. பேட்டரியை நேரா மாட்டினா இப்படித்தான் ஆகும். வோல்டேஜ் 25–26-ல கட்டிப்போட்ட மாதிரி நிக்கும்; ஆர்பிஎம் கொஞ்சம் ஏறினதும் கரண்ட் பாய்ஞ்சு ரோட்டாரை இழுத்துப் பிடிக்கும். உங்க ரெண்டு அளவையும் வச்சுப் பார்த்தா, ஜெனரேட்டர் 76 ஆர்பிஎம் வாக்குல சார்ஜ் பண்ண ஆரம்பிக்குது, உள்தடை கிட்டத்தட்ட 4 ஓம்.

76 ஆர்பிஎம் மோசமில்லை. டிஎஸ்ஆர் 2.3-ல ஓடுற ரோட்டாருக்கு அது 3.5 மீ/வி காத்துல கிடைக்கிற வேகம். ஜெனரேட்டரை மாத்தாதீங்க, ரோட்டாரை அதுக்குத் தோதா மாத்துங்க.

இன்னொரு சின்ன அளவு எடுங்க: காத்தில்லாத நேரத்துல கையோட நுனியில, அச்சிலிருந்து சரியா 1 மீட்டர்ல, கயிறு கட்டி மீன் எடை போடுற தொங்கு தராசால இழுங்க. எத்தனை கிராமில் அசையுதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

உடுமலைக்காத்தாடி:

பார்த்தாச்சு. லோடு இல்லாமல் 6 மீ/வி-யில் 105 ஆர்பிஎம், அதற்கு மேல் ஏறவே மாட்டேங்குது. தராசு 140 கிராம் காட்டுது.

சுழல்கணக்கு:

105 என்றால் டிஎஸ்ஆர் 1.83. சுமையே இல்லாமலும் அந்தச் செத்த பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரோட்டார்தான் குற்றவாளி.

இப்போது உங்கள் ஐந்து கேள்விக்கு வரலாம்.

பிளேடு வடிவம்: நாகா 0018, அகலம் 20 செ.மீ. அகலம் இரட்டித்தால் சாலிடிட்டி 0.6 ஆகும், உச்சம் தரும் டிஎஸ்ஆர் 2.3–2.6-க்கு இறங்கும். கிளம்புவதும் எளிது, கைகள் தின்பதும் குறைவு, மூணுஃபேஸ் சொன்ன 76 ஆர்பிஎம்-க்கும் பொருந்தும். ரெனால்ட்ஸ் எண் 6 மீ/வி காற்றில் 1,87,000-க்கு ஏறுகிறது. இந்த வரம்பில் நாகா 0018 ஒழுங்காக நடந்துகொள்ளும். தடித்த மூக்கு (முன் விளிம்பு) இருப்பதால் ஸ்டால் திடீரென்று அடிக்காமல் படிப்படியாக வரும். 0021 இன்னும் சாதுவானது, உள்ளே குழாய் வைக்க இடமும் அதிகம், ஆனால் இழுவை கொஞ்சம் கூடும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் சில சதவீதம்தான். தச்சருக்கு எது சுலபமோ அதைச் செய்யுங்கள். டியூ 06-டபிள்யூ-200 கிளம்பும் விஷயத்தில் கொஞ்சம் மேல். ஆனால் அதன் வளைவு 0.8 சதவீதம், உங்கள் 20 செ.மீ.-க்கு 1.6 மி.மீ. கையால் தேய்க்கும் பிளேடில் 1.6 மி.மீ. துல்லியம் எத்தனை பேருக்கு வரும்? வீண் வேலை.

பெரிய ஆலைகள் கதை வேறு. அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகம் 1980களில் டெக்சஸின் புஷ்லாண்டில் நிறுத்திய 34 மீட்டர் டாரியஸுக்கு, பலத்த காற்றில் வேண்டுமென்றே சீக்கிரம் ஸ்டால் ஆகி சக்தியைக் கட்டுப்படுத்தும்படி தனி ஏரோஃபாயிலே வரைந்தார்கள். 500 கிலோவாட் யந்திரத்தில் அதற்குப் பொருள் உண்டு. 2 மீட்டர் விட்டத்தில் ரெனால்ட்ஸ் எண் அதற்கு இடம் தராது.

அஞ்சு பிளேடு: வேண்டாம். 12 செ.மீ. அகலத்தில் ஐந்து போட்டாலும் சாலிடிட்டி அதே 0.6தான். ஆனால் ரெனால்ட்ஸ் எண் சரிந்துவிடும், கைகள் பத்தாகும்.

ஹெலிக்கல்: சுற்றுக்குள் விசை ஏறி இறங்குவதை அது சமன் செய்யும், ஆட்டமும் சத்தமும் குறையும். சக்தி கூடும் என்று நினைத்து அதில் இறங்கினால் ஏமாற்றம்தான். மூன்று பிளேடுக்கு ஒவ்வொன்றும் 120 டிகிரி முறுக வேண்டும், அச்சு செய்ய வேண்டும், மையவிலக்கு விசை பிளேடை வளைப்பதோடு முறுக்கவும் செய்யும். முதல் ரோட்டாருக்கு அது தேவையில்லை.

சவோனியஸ்: அதற்கு உகந்த டிஎஸ்ஆர் 0.8–0.9. வெளி ரோட்டார் 2.5-இல் ஓட, ஒரே தண்டில் இருக்கும் சவோனியஸின் ஆரம் 30 செ.மீ.-ஐத் தாண்டிப் போகப் போக அது பிரேக் பக்கம் சாயும். சரி, 50 செ.மீ. விட்டம், 1 மீட்டர் உயரத்தில் ஒன்று வைத்தால்? 4 மீ/வி காற்றில் அது தரும் திருகுவிசை 0.35 நியூட்டன் மீட்டர் வாக்கில். உங்கள் தராசு சொன்ன 140 கிராம் என்பது 1.4 நியூட்டன் மீட்டர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. போதாததற்கு, பின்னால் வரும் பிளேடு அதன் கலங்கிய காற்றில் ஓட வேண்டும்.

அந்த 1.4-இல் பெரும்பகுதி ஜெனரேட்டரின் காந்தப் பிடிப்பு. ஓட ஆரம்பித்தபின் அது ஒரு பல்லில் இழுத்து அடுத்த பல்லில் திருப்பித் தந்துவிடும், கிளம்பும்போதுதான் தொல்லை. புது ரோட்டார் நின்ற நிலையில் 4 மீ/வி காற்றில் 1 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொஞ்சம் தரும். ஆகவே தானாகக் கிளம்புவது 4.5-இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே வேண்டுமென்றால், எலக்ட்ரிக் சைக்கிளின் சென்சார் இல்லாத கண்ட்ரோலர் ஒன்றை வைத்து ஜெனரேட்டரையே மோட்டாராக 70 ஆர்பிஎம் வரை தள்ளிவிடலாம். சவோனியஸைவிட மலிவு, ஓடும்போது இழுவையும் இல்லை.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று: பிளேடு பொருத்தும் கோணம். மூக்கு சற்று வெளிப்பக்கம் பார்க்க 2 முதல் 4 டிகிரி வைத்தால் காற்றை எதிர்கொள்ளும் பாதியில் தாக்கு கோணம் குறைந்து ஸ்டால் தள்ளிப்போகும். உள்பக்கம் பார்த்தால் ஆளையே கவிழ்த்துவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிளேடு வட்டத்தில் போகிறது, ஆனால் பிளேடு நேர்கோடு. கையைப் பிளேடின் பாதி அகலத்தில் செங்குத்தாகப் பொருத்தினால், கால் அகலப் புள்ளியில் பார்க்கும்போது மூக்கு ஏற்கெனவே 2.9 டிகிரி வெளியே பார்க்கும். அகலத்தில் கால் பங்கான 5 செ.மீ.-ஐ 1 மீட்டர் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. எனவே பாதி அகலத்தில் செங்குத்தாக வைத்தாலே போதும். கால் அகலத்தில் குழாயைப் பிடித்துப் பொருத்தினால் 3 டிகிரி தனியாகத் திருப்ப வேண்டும்: வால் முனை 7.9 மி.மீ. உள்ளே வரும். இணையத்தில் ஒருவர் கூட்டல் 3 என்பார், இன்னொருவர் கழித்தல் 3 என்பார், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அடையாளக் குறியை நம்பாதீர்கள். மூக்கு எந்தப் பக்கம், எந்தப் புள்ளியில் அளந்தது, இந்த இரண்டையும் கேளுங்கள்.

ரெசின்_கை:

கணக்கு எல்லாம் அவர் சொல்லிட்டார், செய்யற வழியை நான் சொல்றேன்.

தெர்மாகோல் கட்டை, கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி உள்ளது. பேக்கிங் தெர்மாகோல் எடுத்தீங்கன்னா மணி மணியா உதிரும். ஒரு மீட்டர் துண்டு ரெண்டா வெட்டி ஒட்டிக்கலாம். ரெண்டு முனையிலும் பிளைவுட் டெம்ப்ளேட் ஆணியடிச்சு, சூடான நிக்ரோம் கம்பியால அறுக்கணும். 200 மி.மீ. அகல நாகா 0018-க்கு, மூக்கிலிருந்து தூரமும் அந்த இடத்துல நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்க உயரமும், எல்லாம் மி.மீ.: 5-ல் 7.8, 10-ல் 10.7, 20-ல் 14.0, 40-ல் 17.2, 60-ல் 18.0, 80-ல் 17.4, 100-ல் 15.9, 120-ல் 13.7, 140-ல் 11.0, 160-ல் 7.9, 180-ல் 4.3. வாலை 195-லேயே வெட்டிடுங்க, 3 மி.மீ. தடிமனோட மொட்டையா இருக்கட்டும். கத்தி மாதிரி வால் வேணும்னு தேய்ச்சா கண்ணாடி நார் அங்க உடைஞ்சு பிளக்கும். மூக்கு மட்டும் வடிவம் தப்பவே கூடாது. முதல் 40 மி.மீ.-ல் ஒரு மேடு பள்ளம் இருந்தாலும் அங்கேயே காத்து பிரிஞ்சிடும்.

கம்பியை இழுக்கும்போது ரெண்டு பேரும் டெம்ப்ளேட்ல போட்ட எண்ணைச் சத்தமா சொல்லிக்கிட்டே ஒரே வேகத்துல போகணும். ஒருத்தர் முந்தினா பிளேடு முறுக்கிக்கும்.

உள்ள 25 × 25 × 2 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாய், முழு நீளம். மூக்கிலிருந்து 60 மி.மீ. தூரத்துல குழாயோட மையம் வர்ற மாதிரி பள்ளம் வெட்டி எபாக்சியில உக்கார வைங்க. கை வர்ற இடத்துல 12 மி.மீ. மரைன் பிளைவுட் விலா ரெண்டு ரெண்டு.

மேலே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடி நார்த் துணி ரெண்டு அடுக்கு, ஒண்ணு 45 டிகிரி சாய்வா. ரெசின் எபாக்சிதான். எல்ஒய்556 ரெசின், எச்ஒய்951 ஹார்டனர், எடைக்கு 100-க்கு 10. பாலியஸ்டர் ரெசின் விலை குறைச்சல்னு வாங்கிடாதீங்க, அதுல இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைச்சுக் குடிச்சிடும். ஹார்டனரை ஒரேடியா அரை கிலோ ரெசின்ல கலக்காதீங்க, நம்ம ஊர் வெயில்ல கப்பிலேயே புகைஞ்சு கட்டியாயிடும். 150 கிராம் 150 கிராமா கலங்க. துணி எடைக்குச் சமமா ரெசின் போதும். மேல பாலிதீன் ஷீட் விரிச்சு பழைய கார்டால வழிச்சு எடுத்தா பளபளன்னு வரும்.

பிளேடு மொத்தம் 2.2 கிலோ வாக்கில வரும். மூணும் சமையல் தராசுல 10 கிராமுக்குள்ள ஒத்துப்போகணும். 50 கிராம் வித்தியாசம் இருந்தா 190 ஆர்பிஎம்-ல அது ரெண்டு கிலோ எடை சுத்திச் சுத்தி இழுக்கிற மாதிரி. குறையுற பிளேடுல நடு உயரத்துல, குழாய்க்குள்ள, ரெசின்ல ஈயக்குண்டு கலந்து ஊத்தணும். நுனியில ஒட்டாதீங்க.

இப்ப கை. உருண்டை பைப்பைத் தூக்கிப்போட்டு 50 × 12 அலுமினிய ஃபிளாட், படுக்கை வசமா. முன் விளிம்பை அரைவட்டமா ராவி, பின்னாடி 25 மி.மீ.-ஐச் சரிவா இழைங்க. இதோட இழுவை அதே வேகத்துல, டிஎஸ்ஆர் 2.5-ல, ஆறுக்கும் சேர்த்து 5–6 வாட், பழசு 80. இதை மட்டும் செஞ்சு பழைய பிளேடையே மாட்டிப் பாத்தாலும் ஆர்பிஎம் ஏறும், ஆனா அந்த 10 செ.மீ. பிளேடு கிளம்பறதுக்கு மக்கர் பண்றது தீராது.

கை மாட்டற இடம்தான் இருக்கிறதுலயே முக்கியம். நுனியில மாட்டாதீங்க. ரெண்டு முனையிலிருந்தும் 41 செ.மீ. உள்ள தள்ளி மாட்டுங்க. அதாவது நீளத்துல 20.7 சதவீதம், அங்க பிடிச்சா நடுவில வர்ற வளைப்பு அழுத்தமும் பிடிப்புல வர்ற வளைப்பு அழுத்தமும் சமமாகும். 290 ஆர்பிஎம்-ல, அதாவது 12 மீ/வி காத்துல டிஎஸ்ஆர் 2.5-ன்னு வச்சுக்குங்க, பிளேடுல மையவிலக்கு விசை மீட்டருக்கு 990 நியூட்டன், நூறு கிலோ மூட்டை. நுனியில பிடிச்சா அந்தக் குழாய்ல வர்ற அழுத்தம் 380 மெகாபாஸ்கல்; சாதா 6063 அலுமினியம் 200 சொச்சத்துலயே வளைஞ்சிடும். 41 செ.மீ.-ல பிடிச்சா 65-தான். அதே பிளேடு, அதே குழாய்.

நட்டுபோல்ட்டு:

ரெசின்_கை சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். அந்த 65 மெகாபாஸ்கல் நிலையாக நிற்கும் அழுத்தம். அலுமினியத்தைக் கொல்வது அது அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் காற்று பிளேடை ஒருமுறை உள்ளே தள்ளி, ஒருமுறை வெளியே தள்ளும். 200 ஆர்பிஎம்-இல் நாளுக்கு 2,88,000 தடவை. ஒரு கோடி தடவையை 35 நாளில் கடந்துவிடும். ஓர் ஆனி, ஓர் ஆடி போதும். குழாயில் 8 மி.மீ. ஓட்டை போட்டால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். எனவே குழாயின் உள், வெளி முகத்தில் ஓட்டையே வேண்டாம். 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் யு வடிவக் கவ்வி செய்து, குழாயைச் சுற்றிக் கவ்வி, எபாக்சியும் தடவி, போல்ட்டைக் கவ்வியின் காதில் போடுங்கள். எம்8, 8.8 தரம், நைலாக் நட். ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். அலுமினியத்தோடு ஜிஐ தொடும் இடத்தில் ஒரு ரப்பர் ஷீட்டோ பெயிண்டோ இருக்கட்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரிக்கும்.

கலிபோர்னியாவில் 1980களில் நூற்றுக்கணக்கில் நிறுத்திய டாரியஸ் ஆலைகளை ஒழித்ததும் இந்த அலுமினியச் சோர்வுதான். அவற்றின் பிளேடுகள் ஸ்கிப்பிங் கயிறு சுழலும்போது எடுக்கும் வளைவில் இருந்தன, அதாவது மையவிலக்கு விசையால் வளைவு அழுத்தமே வராத வடிவம். அப்படி இருந்தும் தப்பவில்லை. நேர்ப் பிளேடு அந்தச் சலுகையையும் விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது கம்பம். 4 அங்குல பைப், 114 மி.மீ. வெளிவிட்டம், 4.5 மி.மீ. கனம், 6 மீட்டர், உச்சியில் ரோட்டாரும் ஜெனரேட்டரும் சேர்த்து 60 கிலோ என்றால் அதன் இயற்கை அதிர்வு வினாடிக்கு 1.45. அதாவது 87 ஆர்பிஎம். புது ரோட்டார் 4 மீ/வி காற்றில் தினமும் ஓடும் வேகமே அதுதான். சின்ன எடை வித்தியாசம் இருந்தாலும் கம்பம் ஆடத் தொடங்கும். ஸ்டே கம்பி நாலு, ரோட்டாரின் கீழ்க் கைக்கு அரை மீட்டர் கீழே, 45 டிகிரியில், டர்ன்பக்கிள் வைத்து. அதிர்வு எண் பல மடங்கு ஏறிவிடும். ஆனால் மூன்று பிளேடும் சேர்ந்து சுற்றுக்கு மூன்று தடவை உதைக்கும். 180 ஆர்பிஎம்-இல் அது வினாடிக்கு 9. கம்பி கட்டியபின் கம்பத்தை ரப்பர் சுத்தியலால் தட்டி, போனில் உள்ள அதிர்வு செயலியில் எண்ணைப் பாருங்கள். ஓடும் வரம்புக்குள் விழுந்தால் கம்பியை இறுக்கியோ தளர்த்தியோ நகர்த்துங்கள்.

பிரேக் இல்லாமல் புது பிளேடை ஏற்ற வேண்டாம். பழைய ரோட்டார் முடவன், அதனால் பிழைத்தது. புதியது லோடு விட்டுப்போனால் 15 மீ/வி காற்றில் டிஎஸ்ஆர் 4-க்குப் போய் 570 ஆர்பிஎம் தொடும். அப்போது அந்த 65 மெகாபாஸ்கல் 260 ஆகும், பிளேடு மடங்கிப் பறக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது இரண்டு கிலோ பிளேடு எந்தத் தோட்டத்தில் விழும் என்று சொல்ல முடியாது. ஸ்கூட்டர் டிரம் பிரேக் ஒன்றைத் தண்டின் அடியில், கம்பிக் கயிற்றில் கீழிருந்து இழுக்கும்படி.

மூணுஃபேஸ்:

ஷார்ட் ஸ்விட்ச் பத்தி: வேகமா ஓடும்போது ஷார்ட் பண்ணினா 4 ஓம் சுருள் சூடேறும், நிக்கவும் நிக்காது. காத்து ஏற முன்னாடியே ஷார்ட் பண்ணி நிறுத்திடணும். ஒருமுறை நின்னுட்டா அந்தச் செத்த பகுதி நமக்குச் சாதகம்: டிஎஸ்ஆர் 0.3-ல தவழ்ற ரோட்டாருக்குத் தெம்பே இருக்காது, ஷார்ட் பண்ணின ஜெனரேட்டர் சும்மா பிடிச்சு வச்சுக்கும். வேகமா ஓடிட்டிருந்தா முதல்ல டிரம் பிரேக், அப்புறம் ஷார்ட்.

பேட்டரி நேரா மாட்டினாலும் புது ரோட்டார் 6 மீ/வி-ல 115 ஆர்பிஎம், 80 வாட் பக்கம் தரும்னு என் கணக்கு. எம்பிபிடி கண்ட்ரோலர் (அதிகபட்ச சக்தி வர்ற புள்ளியைத் தேடிப் பிடிக்கிறது) போட்டா இன்னும் ஏறும், ஆனா முதல்ல இல்லாமலே ஓட்டி அளவு எடுங்க. ஒரே நேரத்துல நாலு மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. பேட்டரி நிறைஞ்சா கண்ட்ரோலர் லோடைக் கழட்டி விடக் கூடாது. ஹீட்டர் சுருளுக்குத் திருப்பி விடற டம்ப் லோடு வகைதான் வேணும். சோலார் கண்ட்ரோலரை மாட்டி ரோட்டாரைப் பறக்க விட்டவங்க நிறைய.

உடுமலைக்காத்தாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். குழாய் மூக்கிலிருந்து 60 மி.மீ.-ல் உட்காருது, அப்ப கையும் அங்கேதானே பிடிக்கும்? அது பாதி அகலமும் இல்லை, கால் அகலமும் இல்லை. கோணம் எவ்வளவு வைக்கணும்? அப்புறம், பிளேடு நுனியில் தட்டு வைக்கலாமா?

சுழல்கணக்கு:

60 மி.மீ. என்பது 30 சதவீதம். கால் அகலத்திலிருந்து 10 மி.மீ. பின்னால், ஆகவே செங்குத்தாகப் பொருத்தினால் கிடைப்பது 0.6 டிகிரிதான். 3 வேண்டும் என்றால் இன்னும் 2.4 டிகிரி திருப்புங்கள். கவ்வி மையத்திலிருந்து வால் முனை 135 மி.மீ. தூரம், எனவே செங்குத்து நிலையிலிருந்து வால் 5.7 மி.மீ. அச்சுப் பக்கம் வர வேண்டும். கவ்வியின் ஒரு போல்ட் ஓட்டையை நீள்வட்டமாக வெட்டிவிட்டால் 0 முதல் 5 டிகிரி வரை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மூன்று பிளேடும் அரை டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும், மேல் கவ்வியும் கீழ்க் கவ்வியும்கூட. மரத்தில் ஒரு அளவுச் சட்டம் செய்து ஆறு இடத்திலும் அதையே வைத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம்.

நுனித் தட்டு வேண்டாம். நீளம் அகலத்தைப் போல 10 மடங்கு இருக்கிறது, நுனியில் போவது கொஞ்சம்தான். தட்டின் உராய்வும், 41 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அதன் எடையும் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். முனையை உருட்டித் தேய்த்து விடுங்கள்.

ரெசின்_கை:

நீள்வட்ட ஓட்டை போடறீங்கன்னா கோணம் முடிவானதும் பக்கத்துல ஒரு 5 மி.மீ. ஓட்டை அடிச்சு பின் இறக்கிடுங்க. கவ்வியோட காதுலதான், குழாய்ல இல்லை. இறுக்கின போல்ட் மட்டும்னா அதிர்வுல நகர்ந்து ஒரு பிளேடு மட்டும் மூக்கை உள்ள திருப்பிக்கும். முதல் வாரம் தினமும், அப்புறம் மாசம் ஒருமுறை நட்டுல பெயிண்ட் கோடு போட்டுப் பாருங்க, கோடு விலகினா தெரிஞ்சிடும்.